பேட்டரிக் கடை வாசலில் நிற்பவர்களுக்கு

பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்க வந்திருக்கும் கார்க்காரர்களே, கால் டாக்ஸி ஓட்டும் அண்ணன்மாரே,

விடிகாலை நாலரை மணிக்கு விமான நிலையச் சவாரி. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம்; அதற்கப்புறம் மூச்சில்லை. வாட்ச்மேனும் பால்காரரும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கிக் கிளம்புகிறது. தள்ளியவர்களில் ஒருவர் கையைத் தட்டிக்கொண்டே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்: “பேட்டரி போச்சுண்ணே.” அந்தத் தீர்ப்பைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தவர்களுக்காகத்தான் இந்த மடல்.

தீர்ப்பு தப்பென்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நம்மூர் வெயிலில் மூன்று நான்கு வருஷம் உழைத்த பேட்டரி படுத்துக்கொண்டால் அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் போன வருஷம்தான் மாற்றினோம், அதற்கு முந்தின வருஷமும் மாற்றினோம் என்பவர்கள் இந்த வரிசையில் இருந்தால், கடைப்பையன் ட்ராலியை உருட்டிக்கொண்டு வருவதற்குள் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்க்கலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது பானெட்டுக்கு அடியில் அடிக்கடி நடக்கிறது. பேட்டரியின் இரண்டு முனைகளிலிருந்து இரண்டு தடித்த ஒயர்கள் புறப்படுகின்றன. ஒன்று செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. இன்னொன்று பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த். இந்த இரண்டையும் யாரும் விசாரிப்பதே இல்லை.

அவை சுமக்கிற பாரம் சாதாரணமானதல்ல. வீட்டில் ஒரு டன் ஏசி ஓடும்போது எடுப்பது ஏறக்குறைய 5 ஆம்பியர். ஒரு சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப், இன்ஜினைச் சுற்றுகிற அந்த இரண்டு விநாடியில் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் இன்னும் அதிகம். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிக்கு இங்கேதான் வேலை. கிளாம்பிலோ, ஒயர் நுனியில் இருக்கும் லக்கிலோ துருவும் தூளும் சேர்ந்து வெறும் 0.01 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 200 ஆம்பியர் அதன் வழியே போக முயன்றால் 2 வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துபோகும். பேட்டரி சுமை தாங்கும்போது முனையில் 10.5 வோல்ட் இருந்தாலும் செல்ஃபுக்குப் போய்ச் சேருவது 8.5 தான். தொலைந்த மின்சாரம் காற்றில் கரைவதில்லை. அந்த மூட்டிலேயே வெப்பமாகிறது. இந்தக் கணக்கில் அது 400 வாட். விரல்நுனி அளவு இடத்தில் 400 வாட் என்றால், செல்ஃப் அடித்த கையோடு கிளாம்பைத் தொட்டால் சுடுவதில் என்ன வியப்பு?

கார்களில் மின்சார செல்ஃப் வந்தது 1912 கேடிலாக்கில். சார்லஸ் கெட்டரிங் செய்தது. அதுவரை முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும், கம்பி திரும்பி உதைத்தால் மணிக்கட்டு போகும். பிற்பாடு பல பத்தாண்டுகள் கார்கள் 6 வோல்ட்டிலேயே ஓடின. 1950களின் நடுவில் அமெரிக்கக் கம்பெனிகள் 12 வோல்ட்டுக்கு மாறின. அதே வேலையைப் பாதி ஆம்பியரில் முடித்தால் ஒயரில் ஆகிற நஷ்டமும் குறையும். ஆக, ஒயர் தின்னுகிற வோல்ட்டேஜ் கார் கம்பெனிகளுக்குப் பழைய தலைவலி.

“ஹாரன் அடிக்குது, லைட்டும் பளிச்சுனு எரியுது. அப்ப ஒயர் சரியாத்தானே இருக்கு?” என்று கேட்கத் தோன்றும். இதே கேள்விதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுப்பது 10 ஆம்பியருக்குள். அதே 0.01 ஓம் மூட்டு, அந்தச் சுமையில் 0.1 வோல்ட்டைத்தான் விழுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகலாம், லாரி போக முடியாது. செல்ஃப் அந்த லாரி. மீட்டரில் பஸ்ஸர் வைத்துக் ‘கீ’ என்று கேட்டுவிட்டு ஒயர் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கிற எலக்ட்ரீஷியன்களும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ஐம்பது இழையில் நாற்பத்தொன்பது அற்று ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் பஸ்ஸர் பாடும். ஓமைக் கணக்கிடும் நிலையில் மீட்டரை வைத்தாலும் பயனில்லை. நாம் தேடுகிற தடையைவிட மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே தடை அதிகம்.

சத்தத்தை வைத்தே கொஞ்சம் துப்பறியலாம். ‘டக டக டக டக’ என்று தையல் மெஷின் போல அடித்தால், செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினாய்டு இழுக்கிறது, சுமை ஏறியதும் வோல்ட்டேஜ் விழுகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, வோல்ட்டேஜ் எழுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருந்தாலும் இப்படித்தான். மூட்டு கெட்டிருந்தாலும் இப்படித்தான். ஒற்றை ‘டிக்’ வந்து நின்றுவிட்டால் செல்ஃப், சொலினாய்டு, ஒயர் மூன்றில் எதுவும் ஆகலாம். காலையில் எடுக்காமல், கிளாம்பை ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டியதும் எடுத்துவிட்டால் மட்டும் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தட்டினால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது.

எர்த் கெட்டுப்போனால் குணம் வேறு. வலது இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் சேர்ந்து கண் சிமிட்டும். ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறும், அணைத்ததும் இறங்கும். பவர் ஸ்டீயரிங் விளக்கு எரியும். ஸ்கேனர் வைத்தால் சம்பந்தமில்லாத நாலு சென்சாரின் பெயர் வரும். ஒன்றன்பின் ஒன்றாக சென்சார் மாற்றிப் பணம் போன கதைகள் எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் கிடைக்கும். இதில் விசித்திரமானது கிளட்ச் கேபிள் கதை. இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. ஆகவே இன்ஜினிலிருந்து திரும்பி வர ஒரு எர்த் பட்டை போட்டிருப்பார்கள். அது அறுந்துபோனாலோ, இன்ஜின் வேலை முடித்த மெக்கானிக் திருப்பி மாட்ட மறந்தாலோ, மின்சாரம் சும்மா இருக்காது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற இரும்பு எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளும்: கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள். மெல்லிய எஃகு முறுக்கு அது. நூற்றுக்கணக்கான ஆம்பியருக்குப் பழகியதல்ல. செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் பழுத்துச் சூடேறி, உள்ளே பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். பழைய கார்களில் கிளட்ச் கேபிள் அடிக்கடி இறுகிப் போகிறதே என்று கேபிளையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். சில நூறு ரூபாய்ப் பட்டை ஒன்று இல்லாததுதான் மூலகாரணம் என்று எவருக்கும் தோன்றாது.

சரி, பேட்டரி மாற்றினால் சில மாசம் நன்றாகத்தானே ஓடுகிறது, அப்படியானால் பேட்டரியில்தானே கோளாறு? நியாயமான கேள்வி. புதுப் பேட்டரி முழுச் சார்ஜோடு வருகிறது. மூட்டில் ஒன்றரை வோல்ட்டை இழந்தாலும் மிச்சத்தை வைத்துச் சமாளித்துவிடும். தவிர, மாற்றும்போது பையன் கிளாம்பைக் கழற்றிச் சுரண்டி இறுக்குகிறான். பாதி வியாதி அதிலேயே குணமாகிவிடுகிறது, பெயர் பேட்டரிக்குப் போகிறது. ஒயருக்குள் இருக்கிற மீதி வியாதி தன் வேலையைத் தொடரும். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தாலும் பேட்டரியின் வாய்க்குக் குறைவாகவே போகும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்கு இது அவ்வளவாக உறைக்காது. நாலு கிலோமீட்டர் சவாரி, நிறுத்து, மறுபடி செல்ஃப் என்று ஓடுகிற ஊர் வண்டிக்குப் பட்டினிதான். அரைவயிற்றோடு கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து கெட்டியாகும். அப்புறம் கடைக்காரர் டெஸ்டர் வைத்து, “செல் போயிடுச்சு சார்” என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. யார் பட்டினி போட்டது என்பதை அந்த டெஸ்டர் சொல்லாது, அவ்வளவுதான்.

அதைச் சொல்லக்கூடிய கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டர். டிசி 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு. பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் கிளம்பாது. சாவியைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது, செல்ஃப் சூடாகிவிடும்.

முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் ஈயக் குமிழ்களில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வைக்க வேண்டிய இடம் முக்கியம். கிளாம்பின் மேல் அல்ல, கிளாம்பின் நடுவில் தெரிகிற குமிழின் தலையில். அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். சார்ஜ் போட்டு மறுபடி பார்க்கலாம். 10.5, 11 என்று நிமிர்ந்து நின்றும் செல்ஃப் முனகினால் பேட்டரி நிரபராதி.

அடுத்து சிவப்பு முனை பிளஸ் குமிழில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரில் பேட்டரி ஒயர் வந்து சேரும் தடித்த போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் காட்டுவது, அந்த வழியில் எவ்வளவு வோல்ட் காணாமல் போகிறது என்பது. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். ஒன்று, ஒன்றரை என்று வந்தால் திருடன் அந்தப் பாதையில் இருக்கிறான். எர்த்துக்கு இதையே மைனஸ் குமிழுக்கும் இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்துக்கும் நடுவே செய்ய வேண்டும், இங்கே 0.2, 0.3க்கு மேல் போகக் கூடாது. பாதை தெரிந்துவிட்டால் மூட்டு மூட்டாக நெருங்கலாம். குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவே மட்டும், கிளாம்புக்கும் ஒயருக்கும் நடுவே மட்டும், லக்குக்கும் பாடிக்கும் நடுவே மட்டும். எங்கே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டு உலோகத்துக்கு நடுவில், ஒரு மயிரிழை இடத்தில், மீட்டர் 0.9 என்று காட்டுவதை ஒரு தடவை பார்த்தவர் அப்புறம் கண்ணை நம்பி எந்த மூட்டையும் விடமாட்டார்.

மீட்டர் இல்லாத நடுரோட்டில் ஒரு குறுக்குவழி உண்டு. டிக்கியில் கிடக்கும் ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு நுனியை மைனஸ் கிளாம்பிலும் மறுநுனியை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் கடிக்க விடுங்கள். சோம்பிக் கிடந்த செல்ஃப் துள்ளி எழுந்தால் எர்த் ஒயர்தான் குற்றவாளி. பிளஸ் பக்கம் இந்த விளையாட்டு வேண்டாம். நுனி நழுவிப் பாடியில் பட்டால் தீப்பொறி.

கண்ணும் கையும் கண்டுபிடிப்பவையும் உண்டு. கிளாம்பைக் கையால் திருகிப் பார்த்தால் அசையவே கூடாது. குமிழைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் பெரும்பாலும் ஈய சல்ஃபேட். நீலமோ பச்சையோ கலந்திருந்தால் அது செம்பு சல்ஃபேட், நாட்டுமருந்துக் கடையில் மயில்துத்தம் என்று கொடுப்பார்களே அதே சரக்கு. அதில் இருக்கிற செம்பு வேறெங்கிருந்தும் வரவில்லை. ஒயரின் உடம்பிலிருந்து வந்தது. ஆகவே நீலம் தெரிந்தால் வெளியே கழுவுவதோடு நிறுத்தாமல் ஒயரை வளைத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஒயர் கயிறு போல வளையும். உள்ளே அமிலம் ஏறிய ஒயர் நுனியில் விறைத்து, வளைத்தால் அப்பளம் நொறுங்குவது போல நறநறக்கும். ரப்பர் உறை லக்குக்குப் பக்கத்தில் உப்பியிருக்கும். அந்த நிலையில் சுத்தம் செய்து பலனில்லை, ஒயரையே மாற்றிவிட வேண்டும்.

மாற்றப் போகும் இடத்திலும் ஒரு பொறி காத்திருக்கிறது. கடையில் தொங்குகிற மலிவான ஒயர்களில் சில, செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பு கடத்துவதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். உறையை மட்டும் தடியாகப் போட்டுக் கண்ணைக் கட்டுவார்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் தூக்கினாலே கனமில்லாதது புரியும். 25 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சுத்தச் செம்பு ஒரு மீட்டர் நீளத்தில் 200 ஆம்பியருக்கு இழப்பது சுமார் 0.14 வோல்ட்தான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

இன்னொரு நாட்டுவழக்கமும் மூட்டைக் கெடுக்கிறது. பிளஸ் குமிழ் எப்போதும் மைனஸைவிடத் தடிமன். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பற்றாததற்கு, சின்னக் கார்களில் வரும் மெல்லிய குமிழ் வகை ஒன்று, பெரிய கார்களின் தடித்த குமிழ் வகை ஒன்று. கைக்குக் கிடைத்த பேட்டரியைப் போட்டுவிட்டு, கிளாம்பு லொடலொடக்கிறது என்று ஆணியையோ தகரத் துண்டையோ செருகுகிறார்கள். அன்றைக்கு செல்ஃப் எடுக்கும். முழு வட்டமாகத் தொட வேண்டிய மூட்டு இரண்டு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் பழைய வண்டிச் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். பி.எம்.டபிள்யூவின் சில மாடல்களில் பேட்டரி பின்னால் டிக்கியில். பிளஸ் ஒயர் வண்டியின் நீளத்தைக் கடந்து முன்னால் ஃப்யூஸ் பெட்டிக்கு வருகிறது. அந்த இணைப்பு சூட்டில் நாளடைவில் பழுதாகி, ஓடும்போதே மின்சாரம் மொத்தமும் அற்றுப்போகலாம் என்று 2013 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் ஐந்து லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பிரிட்டனில் உடனே அப்படி நடக்கவில்லை. 2016 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே ஒரு பி.எம்.டபிள்யூ மின்சாரம் அற்று இருட்டுச் சாலையில் நின்றது, பின்விளக்குகூட எரியவில்லை. பின்னால் வந்த கார் அதைத் தவிர்க்க ஒடித்து மரத்தில் மோதி, அதிலிருந்த ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர் ஒருவர் இறந்தார். அடுத்த வருஷம் 36,000 கார்களை அழைத்தார்கள். 2018 மே மாதம் மேலும் 3,12,000 கார்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஒரு மூட்டு செல்ஃபை மட்டும் கெடுக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பேட்டரி மாற்றும்போதே நேர்கிற வினை. 2013 முதல் 2018 வரையிலான டொயோட்டா ராவ்-4 கார்கள் சுமார் 18.5 லட்சத்தை 2023 நவம்பரில் அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். மாற்றுப் பேட்டரிகளில் சில மேற்பகுதியில் சிறியவை. பேட்டரியை அழுத்திப் பிடிக்கிற தகட்டைச் சரியாக இறுக்காவிட்டால், வேகமாகத் திரும்பும்போது பேட்டரி நகர்ந்து பிளஸ் முனை அந்தத் தகட்டில் உரசி ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். நம்மூரில் அந்தத் தகட்டையே தொலைத்துவிட்டு பழைய ட்யூப் துண்டால் கட்டிய பேட்டரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சென்னைவாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை கார்கள் முங்கின என்பதைப் பார்த்த பயத்தில்தான், 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். ஏற்ற முடியாமல் போன வண்டிகளும் உண்டு. சீட்டைக் காயவைத்து, கார்ப்பெட்டை மாற்றி, வாசனை அடித்து அவை கைமாறும். திரிவிளக்கில் எண்ணெய் ஏறுவது போல ஒயரின் இழைகளுக்கு நடுவே ஏறிய தண்ணீர் காயாது. சில மாசம் கழித்து உறைக்குள்ளே பச்சை பூக்கும், எர்த் போல்ட்டுகளின் அடியில் துரு பிடிக்கும். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் சீட்டை முகர்ந்து பார்ப்பதோடு ஒரு எர்த் போல்ட்டைக் கழற்றியும் பார்க்கலாம்.

கிளாம்பில் வெறும் வெள்ளைப் பூப்புதான் என்றால் வீட்டிலேயே தீர்ந்துவிடும். பத்தாம் நம்பர் ஸ்பேனர், வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடா, பழைய பல் பிரஷ், உப்புத்தாள். முதலில் கழற்ற வேண்டியது மைனஸ், கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுவே. பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் இடித்தால் பேட்டரியின் முழு பலமும் அந்த ஸ்பேனர் வழியே பாயும்; கையில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். சோடாத் தண்ணீர் பட்டதும் நுரைக்கும். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீர். மூடியுள்ள பேட்டரியானால் மூடிகள் இறுகியிருக்கட்டும், சோடா உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். குமிழும் கிளாம்பின் உள்வட்டமும் பளபளக்கும்வரை தேய்த்து, காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். இறுக்குவதற்கு முன்னால் அல்ல.

பின்குறிப்பு: சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்புகிற புதுக் கார்களில் மைனஸ் கிளாம்போடு சேர்ந்தாற்போல் ஒரு சின்ன சென்சார் பெட்டி இருக்கும். பழைய வழக்கத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் அது உடையும். அந்த வண்டிகளில் வெளிச் சார்ஜரோ ஜம்பரோ போடும்போது மைனஸ் நுனியைக் குமிழில் கடிக்க விடாமல் பாடியில் அதற்கென்று காட்டியிருக்கும் போல்ட்டில் கடிக்க விடுங்கள். அந்த போல்ட் எங்கே என்பது, டேஷ்போர்டு டிராயரில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறதே, அந்தப் புத்தகத்தில் படம் போட்டே இருக்கும்.